சாமிக்கு மட்டும் சுருட்டு

சுருட்டைப் பற்றவைத்து, கவிழ்த்துப் போட்ட மைலோ டின்னின் மேல் வைத்துவிட்டு, ரோசரி கீரை ஆயப் போய்விடுவார். போகும்போது மின்விசிறியை நிறுத்துவார். யாரும் குறுக்கே நடக்கக் கூடாது, கதவை ஆட்டக் கூடாது, பக்கத்தில் நின்று பெருமூச்சு விடவும் கூடாது. கீரைக்கட்டு முழுவதையும் ஆய்ந்து முடித்த பிறகு முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு திரும்பி வருவார். சுருட்டு தானாகவே எரிந்து சாம்பலாகியிருந்தால் அந்தச் சுருட்டுக்கட்டு தேறியது. பாதியில் அணைந்திருந்தால், கட்டிலுள்ள அத்தனை சுருட்டையும் பிரித்து இலையை மறுபடி காயப்போடுவார். “இழுக்கிறவன் இருந்தா எந்தச் சுருட்டும் எரியும்லா. இழுக்க ஆளில்லாம எரியணும். அதான் வேல” என்பார்.

ரோசரிக்கு ஐம்பது தாண்டிவிட்டது. ஆள் குட்டை. குரல் அப்படியில்லை. அவர் தொலைபேசியில் பேசுவதைத் தெருமுனைச் சீனர் கடையில் மீ கோரேங் சாப்பிடுகிறவர்கள் காசில்லாமல் கேட்கலாம். மலேசியாவின் ஈப்போ நகரில் ஒரு பின்தெருவில் ‘அந்தோணிமுத்து சுருட்டுக் கம்பெனி’ என்று பெயர்ப்பலகை தொங்குகிறது. அந்தோணிமுத்து அவருடைய தாத்தா. கம்பெனி என்றதும் பெரிதாக எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். ஒரு முன்னறை, பின்னால் நீளமான ஒரு கூடம், கூடத்தில் ஒரு மேசை, மேசையைச் சுற்றி ரோசரியும் இன்னும் இரண்டு பெண்களும். அவ்வளவுதான். ஒரு சுவரில் இயேசுவின் திரு இருதயப் படம். எதிர்ச்சுவரில், பேராக் மாநிலத்து முனியாண்டி, முனீஸ்வரர், மதுரைவீரன் கோயில்களின் திருவிழாக்களை வட்டம் போட்டு வைத்திருக்கும் நாட்காட்டி. காலை ஜெபத்தை முடித்துவிட்டு அப்படியே திரும்பி, இன்றைக்கு எந்த முனிக்குச் சரக்கு போகவேண்டும் என்று பார்ப்பார்.

முதல் தடவை போனபோது எனக்கென்று ஒரு சுருட்டு கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“ஒங்க பேரு முனியாண்டியா?”

“இல்லை.”

“அப்ப இல்ல.”

அதோடு பேச்சு முடிந்தது. திரும்பும்போது கூப்பிட்டு என் கையில் ஓர் இருமல் மிட்டாயை வைத்தார். அது மட்டும் எல்லா மனிதருக்கும் உண்டு.

சுருட்டு மறுத்ததற்குக் காரணம் அவருடைய அப்பா. நாள் முழுக்கச் சுருட்டு உருட்டியவர், உருட்டியதில் கணிசமானதைத் தாமே புகைத்தவர். கடைசியில் பத்து காஜா ஊர் மருத்துவமனைக் கட்டிலில் மூச்சுக்குத் தவித்தபோது, பக்கத்தில் உட்கார்ந்து அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தவர் ரோசரி. அடக்கம் முடிந்த மறுவாரமே, மனிதர்களுக்கு விற்பதில்லை என்று சொல்லிவிட்டார். சொந்தக்காரர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். அவர் அசையவில்லை. “சாமிக்கு நுரையீரல் இல்ல. அதுக்கு ஒண்ணும் ஆவாது” என்பதுதான் இன்றுவரை கம்பெனியின் கொள்கை. சாமியாடிகளுக்கு நுரையீரல் இருக்கிறதே என்று நான் மடக்கிப் பார்த்தேன். “அது தெரியாமயா இருக்கேன்? அவங்களுக்குத்தான்லா மிட்டாய ஆரம்பிச்சேன்” என்றார். பெட்டிமேல் அச்சடித்த எச்சரிக்கைப் படத்தையும் அவர் யாரும் சொல்லாமலே பெரிதாகத்தான் போடுகிறார்.

தாத்தா அந்தோணிமுத்து திண்டுக்கல் பக்கத்தில் புகையிலைக் கொல்லையில் வேலை செய்தவர். கப்பலேறி வந்து, கோப்பெங் அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டினார், அதாவது ரப்பர் மரப் பட்டையைச் சீவிப் பால் எடுத்தார். விடியுமுன் காட்டுக்குள் போகிறவர்களுக்கு மேலே கொசு, கீழே அட்டை. கொசுவுக்குப் புகை, அட்டைக்குப் புகையிலைச் சாறு என்று ஒரே சரக்கை இரண்டுக்கும் மருந்தாக்கிய கெட்டிக்காரர் அவர். தொழிலாளர்களின் லயத்து வீட்டில் உருட்ட ஆரம்பித்து, சம்பள நாட்களில் சைக்கிளில் தோட்டம் தோட்டமாகப் போய் விற்று, ஈப்போவில் கடை போட்டார். இந்தக் கூடம் நிறைய பெண்கள் உட்கார்ந்து உருட்டிய காலம் ஒன்று இருந்தது. பிறகு சிகரெட் வந்தது. தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றார்கள். ஜனங்கள் அடுக்குமாடிக்குப் போனார்கள். ஆனால் எல்லையில் நின்ற முனியாண்டியை யாரும் அடுக்குமாடிக்குக் கொண்டுபோகவில்லை. வருடத்துக்கு ஒரு முறை காரில் வந்து கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள். தாத்தாவின் வாடிக்கையாளர்களில் கடைசிவரை விட்டுப் போகாதவர் முனிதான் என்று ரோசரி சொல்லும்போது அதில் கேலி இல்லை. நன்றிதான் இருக்கிறது.

முனி சுருட்டு உருட்டுவதில் ஒரு நுணுக்கம் உண்டு. உள்ளிலையைச் சேர்த்துச் சுற்றும்போது நடுவில் ஒரு தென்னை ஈர்க்கை வைத்து உருட்டுவார்கள். மேலிலை சுற்றி, மரவள்ளி மாவுப் பசையால் ஒட்டிக் காய்ந்ததும் ஈர்க்கை உருவிவிடுவார்கள். அந்தத் துளை வழியாகக் காற்று போவதால் யாரும் இழுக்காமலே நெருப்பு நகரும். இறுக்கிச் சுற்றினால் அணையும், தளர்த்தினால் ஒரு பக்கமாகத் தின்றுவிடும். இலையில் ஈரம் இருந்தால் எந்த ஈர்க்கும் காப்பாற்றாது.

அந்த ஈரம்தான் போன வருடம் ரோசரியைத் தெருவில் நிறுத்தியது.

தாத்தா மரம் வெட்டிய அதே தோட்டத்தின் முனியாண்டி கோயில்தான் கம்பெனியின் பெரிய வாடிக்கை. அங்கே என்ன சுருட்டோ, அதுதான் மற்றக் கோயில்களிலும். ஆடித் திருவிழாவில் முனியின் சிமெண்டு உதட்டில், அதற்கென்றே விட்ட துளையில், முதல் சுருட்டைச் செருகிப் பற்றவைப்பார்கள். அது உதடுவரை எரிந்து முடிந்த பிறகுதான் படையலில் கை வைப்பார்கள். போன வருடம் முதல் சுருட்டு அணைந்தது. அடுத்ததும் அணைந்தது. அதற்கடுத்ததும். குழந்தைகள் பசியில் சிணுங்க ஆரம்பித்துவிட்டன. கோயில் கமிட்டித் தலைவர் யுகேந்திரன் மோட்டார் சைக்கிளில் ஆளை விரட்டி, கோப்பெங் கடையிலிருந்து இந்தோனேசிய ஆலைச் சுருட்டு ஒரு பெட்டி வாங்கிவரச் செய்தார். அது ஒழுங்காக எரிந்தது. மைலோ டின்னில் தேறிய தன் கட்டு எப்படித் தோற்றது என்று புரியாமல் ரோசரி நின்றுகொண்டிருந்தார்.

விடை திரும்பும் வழியில், சிம்பாங் பூலாய் சமிக்ஞை விளக்கில் கிடைத்தது. காரை ஓட்டிக்கொண்டிருந்தவர் கணவர் சில்வெஸ்டர். லூமுட் கடற்படைத் தளத்தில் மின்சார வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பேச்சு குறைவு, பக்தி அதிகம். வியாபாரம் மந்தமாக இருக்கிறதே என்று மனைவி கவலைப்படுவதைப் பார்த்தவர், புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் தேவாலயத் திருவிழாவுக்குப் போனபோது புனித நீர் கொண்டுவந்திருந்தார். முனிக்குப் போகவேண்டிய, தேறிக் கட்டிவைத்த சுருட்டுகளின் மேல் அதை யாரிடமும் சொல்லாமல் தெளித்துவிட்டார்.

“ரோசி, நல்லதுக்குத்தான் கொஞ்சம் தெளிச்சேன்.”

“எவ்ளோ?”

“போத்தல்ல இருந்தத.”

“தெளிச்சீங்களா, குளிப்பாட்டுனீங்களா?”

பச்சை விளக்கு எரிந்தும் கார் நகரவில்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள். அன்றைக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்ததாக ரோசரி சொன்னார்.

வேறொருவராக இருந்தால் விஷயத்தை அமுக்கியிருப்பார். ரோசரி அடுத்த ஞாயிறு மாதா கோயில் பூசை முடிந்த கையோடு முனி கோயில் கமிட்டியின் முன்னால் போய் நின்று நடந்ததைச் சொல்லிவிட்டார். இரண்டு சாமியும் மோதிக்கொண்டன என்றார் ஒருவர். கிறிஸ்தவ வேதக்காரர்கள் கையால் உருட்டியதே தப்பு என்றார் இன்னொருவர். “சண்டையும் இல்ல, ஒண்ணும் இல்லலா. ஈரம்லா, பாசா. பாசாவா இருந்தா யாரு சுருட்டும் அணையும். தண்ணி எந்தக் கோயில்லேருந்து வந்தா என்ன?” என்று ரோசரி சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. பூசாரி சன்னாசிதான் வாயைத் திறந்தார். வாரநாட்களில் பேரங்காடியில் காவலாளி, மற்ற நாட்களில் முனிக்குப் பூசாரி. “மூணு தலமொறையா வேதக்காரங்க கையிலதான் முனி சுருட்டு குடிக்கிது. இத்தன நாளா அதுக்குத் தெரியாதா?” என்றார். கடைசியில் யுகேந்திரன் தீர்ப்பு சொன்னார். இன்னும் ஒரே ஒரு வருடம். அடுத்த ஆடியில் முதல் சுருட்டு ரோசரியுடையது. அணைந்தால் அதற்கப்புறம் ஆலைச் சுருட்டுதான். செய்தி மற்றக் கோயில்களுக்கும் பரவியது. அவர்களும் பார்த்துச் சொல்கிறோம் என்று கையைக் கட்டிக்கொண்டார்கள். அன்றிலிருந்து சில்வெஸ்டர் கோயில் எல்லைக்குள் கால் வைப்பதில்லை. கொண்டுபோய் விடுவார், காரிலேயே உட்கார்ந்திருப்பார்.

பட்ட காலில் அடுத்த அடியும் விழுந்தது. மேலிலை கொடுத்துவந்த கிளந்தான் பாக்சிக் என்ற மலாய்ப் பெரியவர், வயதாகிவிட்டது, இனிமேல் புகையிலை போடப்போவதில்லை என்று சொல்லிவிட்டார். போகும்போது கண்மருந்துப் புட்டி ஒன்றில் கொஞ்சம் விதையைப் போட்டு நீட்டினார். பார்த்தால் மூக்குப்பொடி மாதிரி இருந்தது. வேண்டுமானால் நீயே போட்டுக்கொள் என்றாராம். மூன்று தலைமுறையாக உருட்ட மட்டுமே தெரிந்த கம்பெனி அது. செடி வளர்த்தது தாத்தாவோடு திண்டுக்கல்லிலேயே நின்றுவிட்டது. வெளியூர் இலையை வாங்கி உருட்டிவிடலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். “வாங்குற இலை எத்தன மழையில நனஞ்சிச்சின்னு எனக்கு எப்பிடித் தெரியும்? இந்தத் தடவ நானே பார்த்த இலைதான் முனி வாய்க்குப் போவணும்” என்றார். அதற்கு மேல் அவரிடம் பேச முடியாது.

கோயிலுக்குப் பின்னால், எண்ணெய்க்கான செம்பனை நடாமல் விட்டுப்போன ஒரு மேட்டு நிலம் இருந்தது. வாழை போட்டுச் சலித்துப்போன சீனர் ஒருவர் அதை வாடகைக்குக் கொடுத்தார். புகையிலை போட லெசன் என்கிற அரசாங்க உரிமத்துக்கு ரோசரி அலைந்த கதையை எழுதினால் இந்த இதழ் போதாது. கிறிஸ்துமஸுக்கு முன்னால் விதையை மணலோடு கலந்து நாற்றங்காலில் தூவினார். தைப்பூசம் முடிந்ததும் நாற்றைப் பிடுங்கி நட்டு, ஒவ்வொன்றுக்கும் வாழைப்பட்டையால் குடை வைத்தார். கோபத்தோடு பெய்த ஒரு மழையில் ஒரு வரிசை முழுக்க அழுகிப்போனது. மற்றவை பிழைத்தன. செடி இடுப்பளவு வந்து மொட்டு விட்டதும் நுனியைக் கிள்ளினார். பக்கத்தில் துளிர்ப்பதையெல்லாம் ஒடித்தார். அப்படிச் செய்தால்தான் இலைக்குச் சத்து போகும்.

பனி காயாத காலையில் வெறும் கையால் இலை பறித்த முதல் நாள், தலை சுற்றி, வாந்தி எடுத்து, வரப்பிலேயே படுத்துவிட்டார். ஈர இலையின் நஞ்சு தோல் வழியாக ஏறும் என்பது அவருக்குத் தெரியாது. சன்னாசி பதறிப்போய் இளநீர் வெட்டிக் கொடுத்தார். மறுநாளிலிருந்து மழைக்கோட்டும் ரப்பர் கையுறையும் போட்டுக்கொண்டு, உச்சி வெயிலில் பறித்தார். கையுறையைத் தாண்டியும் பிசின் ஒட்டியது. கறுத்துப்போன விரலோடு பூசைக்குப் போனால் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை என்று சிரித்தார். வாழ்க்கையில் ஒரு சுருட்டுகூடப் புகைக்காத பெண்ணுக்குப் புகையிலை மயக்கம் வந்ததை நினைத்தால் எனக்கும் சிரிப்பு வருகிறது.

பறித்த இலையை எங்கே தொங்கவிடுவது? ஈப்போ மழையை நம்பி வெளியில் போட முடியாது. தோட்டத்தில் ரப்பர்த் தகடுகளைப் புகைபோட்டுக் காயவைத்த பழைய புகைவீடு பாழடைந்து கிடந்தது. தகடு தொங்கவிட்ட மரச்சட்டங்கள் அப்படியே இருந்தன. பாம்பை விரட்டி, கூரையின் ஓட்டைகளை அடைத்து, இலைகளைக் கோத்துச் சட்டங்களில் தொங்கவிட்டார். கூரையை அடைத்தவர் சில்வெஸ்டர். கோயில் எல்லைக்குள் வராமல், செம்பனைக் காட்டைச் சுற்றிக்கொண்டு புகைவீட்டுக்குப் போவார். கடற்படையில் கற்ற வித்தையைக் காட்டி, காற்று உள்ளே வந்து வெளியே போக இரண்டு பழைய விசிறிகளைப் பொருத்தினார். பச்சை இலை மஞ்சளாகி, மஞ்சள் பழுப்பாகியது. பிறகு இலையைக் குவித்துச் சாக்குப் போட்டு மூடி வேர்க்கவிட்டார்கள். உள்ளே கை விட்டால் சுட்டது. மூக்கை அடைக்கும் நெடி போய், உலர்ந்த திராட்சை வாசம் வரும்வரை ரோசரி அந்தக் குவியலைப் புரட்டிக்கொண்டே இருந்தார். “இந்த எலைய மட்டும் பார்த்துக்கிங்க, பக்கத்துல ஒரு கிளாஸ் தண்ணிகூட வைக்காதிங்க” என்று கணவரிடம் சொல்வார். சில்வெஸ்டர் தலையைக் குனிந்துகொள்வார். அந்தப் பேச்சு இருவருக்குமே வலித்தது என்று எனக்குத் தோன்றியது.

இந்த வருடம் ஆடித் திருவிழாவுக்கு நானும் போனேன். காலையிலிருந்தே வானம் மூட்டமாக இருந்தது. ரோசரி கூட்டத்தின் ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சில்வெஸ்டர் வழக்கம்போல் பால்மரத்தடியில் காரில். யுகேந்திரன் சட்டைப்பையில் ஆலைச் சுருட்டுப் பெட்டி துருத்திக்கொண்டு தெரிந்தது. அவர்மேல் குறை சொல்ல முடியாது. போன வருடம் பசித்த குழந்தைகளுக்குப் பதில் சொன்னவர் அவர்தான்.

“அணைஞ்சா?” என்று ரோசரியிடம் மெதுவாகக் கேட்டேன்.

“பலகைய எறக்கிடுவேன். பிள்ளைங்க ரெண்டு பேருக்கும் வேற வேல பார்த்துக் கொடுக்கணும்” என்றார். பிள்ளைகள் என்றது அவரோடு உருட்டும் அந்த இரண்டு பெண்களை.

சன்னாசி ரோசரியின் சுருட்டை முனியின் உதட்டில் செருகிப் பற்றவைத்தார். பம்பை மேளம் நின்றது. புகை நேராக எழுந்தது. எல்லோரும் நெருப்பையே பார்த்தோம். அந்த நேரம் பார்த்து செம்பனைப் பக்கமிருந்து மழைக்காற்று வீசியது. நாலைந்து தூறல் விழுந்தது. நெருப்பு கறுத்தது. புகை நின்றுவிட்டது. யுகேந்திரனின் கை சட்டைப்பைக்குப் போனது. ரோசரியைத் திரும்பிப் பார்க்கவே பயமாக இருந்தது.

“பொறுங்கலா, சபார்” என்றார் சன்னாசி, யாரையும் பார்க்காமல்.

கறுப்புக்குள் ஒரு சிவப்புப் புள்ளி தெரிந்தது. அது மெல்ல விரிந்து வளையமானது. நூல் மாதிரி புகை எழுந்தது. அப்புறம் காற்று அடித்தபோதும் நெருப்பு அசையவில்லை, உள்ளிருந்து யாரோ நிதானமாக இழுப்பதுபோல் உதட்டை நோக்கி நகர்ந்தது. பின்னால் வெள்ளைச் சாம்பல் முறியாமல் நீண்டுகொண்டே வந்தது. உதட்டைத் தொட்டதும் பம்பை அதிர்ந்தது. பெண்கள் குலவையிட்டார்கள். யுகேந்திரன் ஆலைப் பெட்டியை எடுத்துப் பக்கத்திலிருந்தவரிடம் கொடுத்துவிட்டு ரோசரியிடம் வந்தார். “அடுத்த வருசமும் நீங்கதான்க்கா. மத்த கோயில்காரங்களுக்கு நானே சொல்லிடுறேன்” என்றார்.

சன்னாசி முனியின் உதட்டிலிருந்து அடிக்கட்டையைச் சாம்பலோடு உருவிக்கொண்டு வந்து, “இந்தாக்கா, ஒன் எலைதான்” என்று நீட்டியபோது, ரோசரி மாதா கோயிலில் நற்கருணை வாங்குவதுபோல் ஒரு கைமேல் ஒரு கையை வைத்து ஏந்தினார். சாம்பல் உள்ளங்கையில் விழுந்தது. அதைக் காற்றுக்குப் பறிகொடுக்காமல் மறு கையால் மூடிக்கொண்டு, கூட்டத்தை விலக்கி, பால்மரத்தடிக் காரை நோக்கி நடந்தார். பம்பைச் சத்தத்துக்கு என்ன அர்த்தம் என்று தெரியாமல் சில்வெஸ்டர் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ரோசரி முழங்கையால் கண்ணாடியைத் தட்டினார். அது இறங்கியது. கட்டைவிரலைச் சாம்பலில் தொட்டு, கணவரின் நெற்றியில் இட்டார்.